பாங்காக்கில் லேப்டாப்போடு ஒரு மாதம்: ஸ்டேஷனைப் பிடித்தால் ஊர் பிடிபடும்

பாங்காக்கில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள். மேப்பில் மூன்று கிலோமீட்டர் என்று காட்டும் இடத்துக்கு மாலை ஆறு மணிக்கு டாக்ஸியில் ஏறினால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். அதே நேரத்தில் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடத்துக்கு ரயிலில் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்து காபியும் குடித்து முடித்திருக்கலாம். நான்கு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு இது வெறும் எரிச்சல். நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் ஊரைப் பார்க்க நினைக்கும் டிஜிட்டல் நோமேடுக்கோ மாதத்தின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் கோயில், மால் பட்டியலை விட ரயில், படகு, கடிகாரம் மூன்றும்தான் அதிகம் வரும்.

டிக்கெட் போடுவதற்கு முன்

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் நுழையும் காலத்தை 2024 ஜூலையில் 60 நாளாக உயர்த்தினார்கள். அதைக் குறைக்கும் பேச்சு அப்போதிருந்தே அடிபடுகிறது. ஆகவே நண்பர் போன வருடம் போய்வந்த கதையை நம்பாமல், டிக்கெட் வாங்கும் வாரத்தில் தாய்லாந்துத் தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விசா இல்லா நுழைவு சுற்றுலாவுக்கானது என்பதையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ரிமோட்டாக வேலை செய்துகொண்டு மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்காகவே அதே 2024இல் டி.டி.வி. என்ற விசாவைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடம் செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் வரை இருக்கலாம். வயது 20 ஆகியிருக்க வேண்டும், வங்கியில் 5 லட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) அளவுக்கு ஈடான தொகை காட்ட வேண்டும், கட்டணம் 10,000 பாட். தாய்லாந்துக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க முடியும். ஒரு மாதம் இருந்து பார்க்கப் போகிறவர் இதற்கு உடனே அலைய வேண்டாம் என்பேன். ஊர் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த முறைக்கு யோசிக்கலாம்.

2025 மே முதல் எல்லா வெளிநாட்டவரும் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் கிடையாது. தேடினால் காசு கேட்கும் தளங்கள் வரும். அவை அரசுத் தளங்கள் அல்ல, மூடிவிடுங்கள்.

பெட்டியில் ஒரு சின்ன விஷயம்: நம் ஊர் உருண்டை மூன்று பின் லேப்டாப் பிளக் அங்கே நுழையாது. இரண்டு பின் சார்ஜர்கள் பெரும்பாலும் நுழையும். மின்னழுத்தம் நம்முடையதேதான், ஒரு அடாப்டர் போதும். மின் சிகரெட் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே அதைக் கொண்டுவருவதே குற்றம்.

முதலில் ஸ்டேஷன், அப்புறம் அறை

அறை தேடும் ஆப்பைத் திறந்ததும் விலையையும் நீச்சல்குளப் படத்தையும் பார்ப்பது வழக்கம். இங்கே வரிசையை மாற்றுங்கள். முதலில் ரயில் வரைபடத்தைத் திறந்து ஒரு ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து எண்ணூறு மீட்டர் நடைக்குள் இருக்கும் அறைகளை மட்டும் பாருங்கள். எண்ணூறு மீட்டர் கணக்கு ஏன் என்றால், ஏப்ரல் வெயிலில் லேப்டாப் பையோடு அதற்கு மேல் நடந்தால் போய்ச் சேரும்போது சட்டை பிழியும் நிலையில் இருக்கும்.

மேல்பாலத்தில் ஓடுவது பி.டி.எஸ். 1999 டிசம்பர் 5இல் தொடங்கியது. சுகும்வித் பாதை, சீலோம் பாதை இரண்டும் சியாம் ஸ்டேஷனில் சந்திக்கின்றன. பெரும்பாலும் நிலத்தடியில் ஓடும் எம்.ஆர்.டி. நீலப் பாதை 2004இல் வந்தது. ஆஷோக், சாலா டேங், மோ சிட் ஆகிய பி.டி.எஸ். ஸ்டேஷன்களில் இறங்கினால் நடந்தே எம்.ஆர்.டி.க்கு மாறிவிடலாம். இப்படி மாறும் இடத்துக்கு அருகில் அறை கிடைத்தால் பாதி ஊர் கைக்குள் வந்துவிடும், ஆனால் வாடகை அதிகம். என் கணக்கில் முதல் தடவை வருகிறவருக்கு ஓன் நுட், பிரா கனோங், ஆரீ, ஹுவாய் க்வாங் போன்ற ஸ்டேஷன்கள் தோது. சியாமோ ஆஷோக்கோ சீக்கிரம் போய்விடலாம், சுற்றிலும் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள் இருக்கும், தொங்லோ போன்ற வசதியான பகுதியின் வாடகை இருக்காது.

பேக்பேக்கர்கள் கூடும் காவோசான் சாலையைப் பற்றிப் பலரும் சொல்வார்கள். மாலையில் ஒருநாள் போய்ப் பாருங்கள், தங்க வேண்டாம். ரயில் எதுவும் பக்கத்தில் இல்லை, ராத்திரிச் சத்தத்தில் மறுநாள் காலை மீட்டிங் நாசமாகும்.

முதல் வாரத்துக்கு மட்டும் ஹோட்டலிலோ சர்வீஸ் அபார்ட்மென்ட்டிலோ புக் செய்யுங்கள். ஹோட்டல் உரிமம் இல்லாத காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படி செல்லாது. ஆப்பில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிட்டு, வாசலில் காவலாளி தடுக்கும்போது விழிக்க வேண்டியிருக்கும். மீதி மூன்று வாரத்துக்கான அறையை நேரில் பார்த்து எடுக்கலாம். பார்க்கும்போது இரண்டு காரியம் செய்யுங்கள்: கதவைச் சாத்திக்கொண்டு வைஃபை வேகத்தைச் சோதியுங்கள், ஜன்னலைத் திறந்து பக்கத்து மனையில் கட்டட வேலை நடக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊரில் எங்காவது ஒரு கிரேன் நின்றுகொண்டே இருக்கும்.

இறங்கிய நாள்

சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் அடித்தளத்திலேயே ஏர்போர்ட் ரயில் இருக்கிறது. கடைசி ஸ்டேஷனான பாயா தாய் வரை அரை மணிக்குள் போய்விடலாம், 45 பாட். அங்கிருந்து பி.டி.எஸ். மாறிக்கொள்ளலாம். இடையில் மக்கசானில் இறங்கினால் எம்.ஆர்.டி. பெட்சபுரி நடை தூரம். பழைய விமான நிலையமான டோன் முயாங்கில் இறங்கினால் சிவப்புப் பாதை ரயில் உண்டு. அது பாங் சூ பக்கமுள்ள பெரிய ரயில் முனையத்துக்கு வந்து நீலப் பாதையோடு சேர்கிறது.

வெளிநாட்டுக் கார்டு போட்டு ஏ.டி.எம்.மில் எடுத்தால் ஒரு தடவைக்கு 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள். அதனால் சில்லறை சில்லறையாக எடுக்காதீர்கள். எந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றிக் கழிக்கலாமா' என்று கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம்தான். தெருக்கடைகளில் கியூஆர் கோடு தொங்கும். அது பெரும்பாலும் தாய் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானது. நமக்கு 20, 50, 100 நோட்டுகள்தான் ஓடும்.

சிம் கார்டுக்கு ஏ.ஐ.எஸ்., ட்ரூ இரண்டில் எதுவானாலும் சரி, பாஸ்போர்ட் காட்ட வேண்டும். விமான நிலைய கவுன்டரின் சுற்றுலா பேக்கேஜைவிட ஊருக்குள் கடையில் வாங்கும் மாதத் திட்டம் பெரும்பாலும் மலிவு. முதல் சில நாளுக்கு இ-சிம் போட்டுக்கொண்டு அப்புறம் நிதானமாக வாங்கலாம். பி.டி.எஸ்.க்குப் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ராபிட் கார்டு வாங்கிவிடுங்கள். நீலப் பாதையில் தொட்டுச் செல்லும் வசதியுள்ள விசா, மாஸ்டர் கார்டையே கேட்டில் வைத்தால் போதும்.

வேலை நேரம்தான் உங்கள் வரைபடம்

பாங்காக் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. இந்தியாவில் காலை 9.30க்குத் தொடங்கும் வேலை அங்கே 11 மணிக்குத் தொடங்கும், இரவு 8க்கு முடியும். இதைவிட நல்ல ஷிப்ட் ஊர் சுற்ற அமையாது. காலை ஆறு முதல் பத்தரை வரை முழுக்க உங்களுடையது, அதுவும் வெயில் ஏறாத நேரம். லண்டன் வாடிக்கையாளர் என்றால் அவர்களுடைய காலை 9 மணி இங்கே கோடையில் பிற்பகல் 3, குளிர்காலத்தில் 4. மதியச் சாப்பாடு வரை ஊர் சுற்றலாம், ஆனால் இரவுச் சந்தைகளைச் சனி, ஞாயிறுக்குத் தள்ள வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையோடு வேலை என்றால் இரவு எட்டு, ஒன்பதுக்குத் தொடங்கி விடியும்வரை போகும். நள்ளிரவு வாக்கில் ரயில்கள் நின்றுவிடும் என்பதால் அறையிலேயே நல்ல மேசை நாற்காலி இருப்பது கட்டாயம்.

உட்கார்ந்து வேலை பார்க்க இடம் தேடினால் முதலில் கட்டடத்திலேயே பாருங்கள். பல காண்டோக்களில் கீழ்த்தளத்தில் மேசை, வைஃபையோடு ஒரு பொது அறை இருக்கும், பகலில் காலியாகக் கிடக்கும். வெளியே எனக்குப் பிடித்தது சரோன் க்ருங் சாலையில் பழைய பெரிய தபால் நிலையக் கட்டடத்தில் இருக்கும் டி.சி.டி.சி. வடிவமைப்பு மையம். நாள் கட்டணம் கட்டி உட்காரலாம், புத்தகங்கள் ஏராளம், திங்கட்கிழமை விடுமுறை. சாம் யான் ஸ்டேஷனோடு சுரங்கப்பாதையால் இணைந்த சாம்யான் மித்ர்டவுன் மாலில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் பகுதி உண்டு. பக்கத்தில் சுலலாங்கோன் பல்கலைக்கழகம் என்பதால் பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் இடம் பிடித்துவிடுவார்கள். காபிக் கடைகளில் ஏசியை நடுங்கும் அளவுக்கு வைப்பார்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். வீடியோ கால் பேசுவதற்குக் காபிக் கடை வேண்டாம். அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வாரத்துக்கு ஒரு பாதை

ஊரைப் பார்க்க நான் சொல்லும் வழி: தினமும் எங்கே போகலாம் என்று யோசிக்காமல், வாரத்துக்கு ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, காலையில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி, அடுத்த ஸ்டேஷன் வரை நடந்து, திரும்பி வருவது.

முதல் வாரம் பி.டி.எஸ். அதிகாலையில் சாலா டேங்கில் இறங்கி லும்பினி பூங்காவுக்குப் போங்கள். நாலரைக்கே திறந்துவிடுவார்கள். ஏரியோரம் பெரிய பெரிய நீர் உடும்புகள் முதலைக்குட்டி போல ஊர்ந்து போகும். விலகி நில்லுங்கள், அவை தம் வழியில் போய்விடும். எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் கேட்டதும் ஓடிக்கொண்டிருப்பவர்களும் நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷன்களிலும் இதேதான். பூங்காவின் பின்புறமிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மேம்பால நடைபாதை பெஞ்சகித்தி பூங்காவுக்குப் போகிறது. அங்கே பழைய புகையிலை ஆலை நிலத்தில் குளங்களும் மரப்பாலங்களுமாக ஒரு காட்டையே உருவாக்கி 2022இல் திறந்தார்கள். அதைக் கடந்து ஆஷோக் பக்கம் வெளியே வந்துவிடலாம். ஒரு காலைக்கு இது போதும்.

சீலோம் பாதையில் சுராசக்கில் இறங்கி நடந்தால் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று கும்பிட வருகிறவர்களில் பாதிக்கு மேல் தாய் மக்கள் போலத்தான் தெரிகிறது. சாமந்தி மாலையும் இளநீரும் வாழைப்பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நவராத்திரி முடிவில் ஊர்வல இரவன்று சீலோம் சாலையையே மூடிவிடுவார்கள். அந்தத் தேதியில் அந்தப் பக்கம் டாக்ஸி புக் செய்யாதீர்கள்.

இரண்டாம் வாரம் நீலப் பாதை. வாட் மங்கோனில் இறங்கி வெளியே வந்தால் சீனர் பேட்டையான யாவோவராட். காலையில் சந்துகளில் மருந்துக் கடை, தேயிலைக் கடை பார்க்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இருட்டிய பின் போக வேண்டும், திங்கட்கிழமை பல கடைகள் போடுவதில்லை. அடுத்த ஸ்டேஷன் சாம் யோட்டில் இறங்கினால் துணிக்கடைகள் நிறைந்த பாஹுராட், குருத்வாரா, நம் மளிகைச் சாமான். அதற்கடுத்த சனாம் சாய் ஸ்டேஷனுக்குள்ளேயே அரண்மனை மண்டபம் போலத் தூண்கள். வெளியே வந்தால் வாட் போ கோயில், எதிர்ப்பக்கம் நடந்தால் நாள் முழுக்க ஓயாத பாக் க்லோங் பூ மார்க்கெட்.

வாட் போவை அடுத்த அரசர் அரண்மனைப் பக்கம் ஒரு எச்சரிக்கை. 'இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, துக்துக் ஆட்டோவில் வேறு கோயில் காட்டுகிறேன்' என்று நன்றாக உடுத்திய ஒருவர் இங்கிலீஷில் சொன்னால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அந்தப் பயணம் நகைக்கடையிலோ தையல் கடையிலோதான் முடியும். நிஜமாகவே மூடியிருக்கிறதா என்பதை வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வாரம் படகுக்கு. சுற்றுலாப் புத்தகங்கள் இதை ஓரமாகச் சொல்லிவிட்டுப் போகும். எனக்கோ பாங்காக் என்றால் இதுதான். சேன் சேப் கால்வாய்ப் படகு கிழக்கே புறநகரிலிருந்து மேற்கே பழைய நகரத்தின் பான் ஃபா வரை ஓடுகிறது. ஆஷோக், தொங்லோ பக்கம் ஏறலாம். சாலையில் ஒரு மணி நேரம் நிற்கும் தூரத்தை இது சிக்னல் எதுவுமில்லாமல் வெட்டிக்கொண்டு போகும். படகு துறையில் சில நொடிகள்தான் நிற்கும். தயங்காமல் கயிற்றைப் பிடித்து ஏறி, உள்ளே நகர்ந்துவிடுங்கள். டிக்கெட் கொடுப்பவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்து வருவார். ஆஷோக்கிலிருந்து பான் ஃபா போக இருபது பாட் அளவில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் படகு வரும்போது கயிற்றை இழுத்துத் தார்பாயைத் தூக்குவது உங்கள் பொறுப்பு. தண்ணீர் கறுப்பு, தெறித்தால் லேசில் மறக்காது. பிரதுனாமில் எல்லோரும் இறங்கி வேறு படகு மாற வேண்டும், பயப்பட வேண்டாம், கூட்டத்தோடு போங்கள். பான் ஃபாவில் இறங்கினால் பொன்மலைக் கோயில் எதிரே தெரியும். லேப்டாப்பை அறையில் வைத்துவிட்டுப் போவது நல்லது. மாலையில் சீக்கிரமே சேவை முடிந்துவிடும், வார இறுதியில் இன்னும் சீக்கிரம்.

சாவ் ப்ரயா ஆற்றுக்கு பி.டி.எஸ். சபான் தாக்சினில் இறங்குங்கள். கீழே சாதோன் துறை. அங்கே நீலக் கொடிச் சுற்றுலாப் படகை நோக்கி உங்களைத் தள்ளுவார்கள். ஊர் மக்கள் ஏறும் ஆரஞ்சுக் கொடிப் படகைக் கேளுங்கள்; எங்கே இறங்கினாலும் 16 பாட் அளவில் ஒரே கட்டணம். வாங் லாங் துறையில் இறங்கினால் மருத்துவமனை ஊழியர்களும் மாணவர்களும் மொய்க்கும் சாப்பாட்டுச் சந்து இருக்கிறது, விலையும் குறைவு.

நான்காம் வாரம் உங்கள் இஷ்டம். சனி, ஞாயிறில் சடுசாக் சந்தை என்றால் மோ சிட்டை விட்டுவிட்டு எம்.ஆர்.டி. காம்ஃபேங் பெட்டில் இறங்குங்கள், நேரே சந்தைக்குள்ளேயே வந்து சேர்வீர்கள். பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். அல்லது க்லோங் தோய் பக்கத் துறையில் ஆற்றைக் கடந்து பாங் க்ரசாவில் வாடகை சைக்கிள் எடுத்துத் தோப்புகளுக்குள் சுற்றலாம்.

சோய் எண்கள்

பெரிய சாலையிலிருந்து பிரியும் சந்துகளை சோய் என்பார்கள். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஆனால் எண்கள் எதிரெதிரே ஒத்துப் போகாது. சுகும்வித்தில் 55ஆம் சோய்க்கு எதிரே இருப்பது 38ஆம் சோய்! ஆகவே 54இல் இருப்பவரை 55க்கு எதிரில் தேடினால் கிடைக்க மாட்டார். முகவரி கேட்கும்போது எந்த ஸ்டேஷன், எந்த வாசல் என்று சேர்த்துக் கேளுங்கள். சோய் உள்ளே நீளமாகப் போனால் முனையில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்களின் பைக் டாக்ஸி நிற்கும். ஸ்டாண்டில் கட்டணப் பலகை இருக்கிறதா பாருங்கள். ஹெல்மெட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கார் டாக்ஸி மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். மீட்டர் போட மாட்டேன் என்றால் அடுத்த வண்டி, இல்லையென்றால் கிராப், போல்ட் ஆப்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

அசைவக்காரர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, கூட்டம் இருக்கும் கடையில் உட்காருங்கள். சைவம் என்றால் கொஞ்சம் வேலை இருக்கிறது. காய்கறி வதக்கலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், குழம்பு விழுதில் இறால் அரைத்திருப்பார்கள். 'மங்சவிரட்' என்றால் சைவம், முட்டை வரலாம். 'ஜே' என்றால் முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துத் தொங்கும் கடை ஜே கடை. 'மை சை நாம் ப்லா' என்று சொன்னால் மீன் சாறு போட மாட்டார்கள். மால்களின் உணவுக்கூடத்தில் முதலில் கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு வாங்க வேண்டும். ஆஷோக் டெர்மினல் 21இன் மேல்மாடியில் இருப்பது தெருவிலை அளவுக்கு மலிவு, படம் பார்த்து ஆர்டர் செய்யலாம். மிச்சப் பணத்தை அன்றே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

நவம்பர், டிசம்பர் தொடக்கம் சிறப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை காற்றில் புகைத்தூசு மோசமாகும் நாட்கள் வரும், ஆஸ்துமா இருப்பவர்கள் யோசியுங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்ப் புத்தாண்டான சொங்க்ரான்: தெருவெல்லாம் தண்ணீர் பீய்ச்சுவார்கள், லேப்டாப்போடு வெளியே போகவே கூடாது. மே முதல் அக்டோபர் வரை மழை. மாலையில் ஒரு மணி நேரம் கொட்டும், சோய்களில் கணுக்கால் தண்ணீர் நிற்கும், டாக்ஸி கிடைக்காது. அந்த நேரத்தில் ஸ்டேஷனிலேயே நின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆம்புலன்ஸ் எண் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155, போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாதம் இருக்கத் தோன்றினால்

காண்டோ ஒப்பந்தத்துக்குப் பொதுவாக இரண்டு மாத முன்பணமும் ஒரு மாத வாடகையும் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அரசு விலை நான்கு பாட்டை ஒட்டி இருக்க, சில கட்டடங்களில் ஏழு எட்டு என்று போடுவார்கள். ஏசி ஓடும் அறையில் வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், டி.எம். 30 என்பார்கள். அந்த ரசீதின் நகலை வாங்கி வையுங்கள், விசா நீட்டிக்கப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். ஒரே காலண்டர் வருடத்தில் 180 நாளைத் தொட்டால் தாய்லாந்து வரிக் கணக்கில் நீங்களும் வந்துவிடுவீர்கள். அந்த நாளெண்ணிக்கை நெருங்குமுன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.